ஊர்ப் பொதுவில் ஒரு பிளக் பாயிண்ட்

(உத்தமபாளையத்தில் நடந்த வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மின்சாரத்தைப் பற்றிப் பேச நம் கம்பம் பள்ளத்தாக்கைவிடப் பொருத்தமான இடம் அதிகம் இல்லை. பெரியாறு அணையிலிருந்து மலையைக் குடைந்து வரும் தண்ணீர் லோயர் கேம்ப்பில் மின் உற்பத்திக்கும் உதவிவிட்டுத்தான் நம் வயலுக்கு வருகிறது. அந்த மின்நிலையம் 1950களின் கடைசியில் ஓடத் தொடங்கியது. சுருளியாற்றில் இன்னொரு நிலையம். ஆண்டிபட்டிப் பக்கம் போனால் காற்றாலைகள். கரண்ட் பிறக்கும் ஊர்க்காரர்கள் நாம். அந்தக் கரண்ட் கடைசியாக வந்து நிற்கும் இடத்தை, சுவரில் இருக்கும் அந்த மூன்று ஓட்டைகளைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன். வீட்டுச் சுவரை விட்டுவிடுகிறேன். பேருந்து நிலையம், நிழற்குடை, கோயில் மண்டபம், சமுதாயக்கூடம், ஆஸ்பத்திரி வராந்தா, ரயில் நிலையம், திருவிழாக் கடை ஆகிய இடங்களில் இருக்கும் பிளக் பாயிண்ட்தான் என் பொருள்.

இருபது வருஷத்துக்கு முன்னால் இது ஒரு பொருளாகவே இருந்திருக்காது. பேருந்து நிலையத்தில் பிளக் பாயிண்ட்டைத் தேடிப் போகிறவர் யார்? இன்றைக்கு நிலைமை வேறு. கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் போடியிலிருந்தும் விடியுமுன்னே ஏலத்தோட்ட வேலைக்கு மலையேறுகிறவர்கள் கையில் செல்போன் இருக்கிறது. கூலி அதில் வருகிறது. ஜீப் எங்கே நிற்கிறது என்ற தகவல் அதில் வருகிறது. 2023 ஜூனிலிருந்து போடியில் ரயிலேறிச் சென்னைக்கே போகிறோம்; டிக்கெட்டும் போனில்தான். சார்ஜ் இல்லாத போனோடு வெளியூரில் நிற்பது பெரிய சங்கடம். அதனால் சுவரில் எந்த ஓட்டை தெரிந்தாலும் மக்கள் சார்ஜரைச் சொருகுகிறார்கள். அவர்கள் மேல் குற்றம் இல்லை.

வீட்டு பிளக் பாயிண்ட்டுக்கும் ஊர்ப் பொதுவில் இருக்கும் பிளக் பாயிண்ட்டுக்கும் என்ன வித்தியாசம்? வீட்டில் மெயின் எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரியும். எந்தப் பாயிண்ட்டில் பொறி பறக்கும், எது லூஸ், எதைத் தொடக்கூடாது என்பது பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். பொது இடத்தில் வந்து சொருகுகிறவருக்கு இதில் ஒன்றும் தெரியாது. மெயின் பூட்டிய அறைக்குள் இருக்கும். சாவி யாரிடம் என்று கேட்டால் பதில் வராது. எர்த் இருக்கிறதா என்று அவரால் பார்த்துச் சொல்ல முடியாது. இப்படிப்பட்டவரிடம் போய், "கவனமாகப் பயன்படுத்தவும்" என்று ஒரு போர்டு எழுதி மாட்டுவதில் பயன் என்ன? எதைப் பார்த்து அவர் கவனமாக இருப்பார்? ஆகவே பொது இடத்தில் பாதுகாப்பு என்பது பயன்படுத்துகிறவரின் கவனத்தில் இருக்க முடியாது. அந்த இணைப்பிலேயே இருக்க வேண்டும். நான் இன்று சொல்ல வந்தது இது ஒன்றுதான்.

கார்த்திகை, மார்கழி மாதங்களை நினைத்துக்கொள்ளுங்கள். சபரிமலைக்குப் போகிற ஐயப்ப பக்தர்கள் தேனி, சின்னமனூர், கம்பம், குமுளி வழியாகச் சாரி சாரியாகப் போகிறார்கள். வீரபாண்டியில் முல்லையாற்றில் குளிக்கிறார்கள், சுருளி அருவியில் குளிக்கிறார்கள். ஈர வேட்டி, ஈரக் கை. மாலை போட்டவர்கள் பலர் செருப்பு அணிவதில்லை. அப்படியே மண்டபத்துக்கு வந்து சுவரோரம் இருக்கும் பிளக் பாயிண்ட்டில் போனைச் சொருகுகிறார்கள். மின்சாரத்தின் கணக்குப்படி மனிதன் இதைவிட ஆபத்தான நிலையில் இருப்பது அபூர்வம்.

கணக்கைச் சொல்கிறேன், எளிதுதான். நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட். உலர்ந்த தோல் கரண்டை ஓரளவு தடுக்கும். நனைந்த உடம்பின் தடை சுமார் 1,000 ஓம் அளவுக்கு இறங்கிவிடும். 230ஐ 1,000ஆல் வகுத்தால் 230 மில்லி ஆம்பியர். உடம்புக்குள் 10 மில்லி ஆம்பியர் போனாலே தசை இறுகி, பிடித்த கையை விட முடியாமல் போகலாம். "கரண்ட் இழுத்துப் பிடிச்சிருச்சு" என்று நாம் சொல்வது அதைத்தான். 30 மில்லி ஆம்பியரைத் தாண்டிச் சில நொடி நீடித்தால் மூச்சுக்கும் இதயத்துக்கும் ஆபத்து. அந்தக் குளித்த மனிதர் மேல் பாயக்கூடியது அதைப்போல ஏழு மடங்குக்கும் மேல்.

"பீஸ் போயிடுமே, இல்லாவிட்டால் ட்ரிப்பர் விழுந்துவிடுமே" என்று சிலர் நினைக்கிறார்கள். விழாது. 40 வாட் குண்டு பல்பு ஒன்று எரிய ஏறக்குறைய 170 மில்லி ஆம்பியர் வேண்டும். ட்ரிப்பர் என்று நாம் சொல்லும் 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு ஓர் ஆள் துடித்துக்கொண்டிருப்பதும் ஒரு பல்பு கூடுதலாக எரிவதும் ஒன்றுதான். அது ஒயர் சூடேறி எரியாமல் இருப்பதற்காக வைத்தது. ஆளைக் காப்பாற்ற வைத்தது அல்ல. நம் ஊரில் பொதுக் கட்டடங்களில் புதிதாக எம்.சி.பி. போர்டு மாட்டிவிட்டு, பாதுகாப்பு வந்துவிட்டது என்று திருப்திப்படுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே மனம் பதறுகிறது.

ஆளைக் காப்பாற்றும் கருவி வேறு. கடையில் ஆர்.சி.சி.பி. என்று கேட்டால் தருவார்கள். இலங்கைத் தமிழர்கள் ட்ரிப் சுவிட்ச் என்பார்கள். அது செய்யும் வேலை, பெட்டியிலிருந்து போன காசும் திரும்பி வந்த காசும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் கணக்குப்பிள்ளையின் வேலை. பேஸில் போன கரண்ட் முழுதும் நியூட்ரலில் திரும்பி வர வேண்டும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தால், அது எங்கோ மண்ணுக்குப் போகிறது, ஒருவேளை ஒரு மனித உடம்பு வழியாகப் போகிறது என்று பொருள். நொடியில் மூன்றில் ஒரு பங்கு நேரத்துக்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். கசிவு அதிகமென்றால் இன்னும் வேகமாக.

இந்தக் கருவியின் பிறப்பு தெரிந்துகொள்ளத் தக்கது. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில், ஈரத்திலும் இருட்டிலும் தொழிலாளர்கள் மின்சாரம் தாக்கிச் சாவதைத் தடுக்க 1950களில் ஹென்றி ரூபின் என்ற பொறியாளர் இதை உருவாக்கினார். அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சார்லஸ் டால்சியல், எவ்வளவு கரண்ட் பாயும்வரை மனிதன் பிடித்த கம்பியை விட முடியும் என்பதைத் தாமே முன்வந்த ஆட்களை வைத்துப் பல ஆண்டுகள் அளந்தார். 1960களில் அவரும் இதுபோன்ற கருவியை வடிவமைத்தார். 1970களின் தொடக்கத்திலேயே அமெரிக்க மின் விதித்தொகுப்பு, வீட்டுக்கு வெளியே வைக்கும் பிளக் பாயிண்ட்டுக்கு இதைக் கட்டாயமாக்கியது. வெளியிடத்து பாயிண்ட்டுக்குத்தான் முதலில் வேண்டும் என்று அவர்கள் எண்ணியதைக் கவனியுங்கள். இன்றைக்கு நம் கடைவீதியில் இரண்டாயிரம் ரூபாய் அளவில் இது கிடைக்கிறது. ஒரு நிழற்குடைக்கு ஒன்று போதும்.

நம் மண்ணுக்கு இந்தக் கருவி இன்னும் அவசியம். ஏன் என்று சொல்கிறேன். எர்த் குழி நன்றாக வேலை செய்ய மண்ணில் ஈரம் வேண்டும். ஆற்றோர நஞ்சையில் கவலை குறைவு. ஆண்டிபட்டி, வருசநாட்டுப் பக்கம், போடி மலையடிவாரம் என்றால் பாறை, சரளை; கோடையில் குழி காய்ந்து கிடக்கும். கரியும் உப்பும் போட்டு மூடியதோடு சரி, அதற்குப் பிறகு ஒரு குடம் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லை. அந்தக் குழியின் தடை 50 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பொது இடத்தில் வைத்த குடிநீர் இயந்திரத்தின் தகரத்தில் பேஸ் பட்டுவிட்டது. எர்த் வழியே போகக்கூடியது 230ஐ 50ஆல் வகுத்தால் 4.6 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி. அசையாது. எர்த் இருந்தும் தகரம் உயிரோடுதான் நிற்கும்; தண்ணீர் குடிக்க வரும் குழந்தை அதைத் தொடும். ஆர்.சி.சி.பி. இருந்தால் அந்த 4.6 ஆம்பியருக்கு நொடிப் பொழுதில் விழுந்துவிடும். மோசமான எர்த்துக்கும் அது ஈடு கொடுக்கும். ஆனால் எர்த்தே இல்லாவிட்டால், முதலில் தொடுகிற ஆள்தான் எர்த். அப்போது கருவி அந்த ஆளைத் தாண்டிப் போகும் கரண்டைக் கண்டுதான் விழும். உயிர் தப்பலாம், அதிர்ச்சி தப்பாது. இரண்டும் வேண்டும்.

இனி அந்த மூன்று ஓட்டைக்கு வருவோம். இந்தியாவில் பிளக்குக்கும் சாக்கெட்டுக்கும் ஐ.எஸ். 1293 என்ற தர விதி இருக்கிறது. 6 ஆம்பியர், 16 ஆம்பியர் என்று இரண்டு அளவு. வெள்ளைக்காரன் காலத்து உருண்டை முனை பிளக்கின் வழியில் வந்தது. பிரிட்டன் 1947இல் சதுர முனைக்கு மாறிவிட்டது. நாம் உருண்டையில் நின்றோம். அதில் தவறில்லை. மேலே இருக்கும் மூன்றாவது முனை, எர்த் முனை, மற்ற இரண்டைவிட நீளம், தடிமன். சொருகும்போது அது முதலில் தொட வேண்டும், பிடுங்கும்போது கடைசியில் விட வேண்டும் என்பதற்காக. இன்னொரு வேலையும் உண்டு. அது உள்ளே போகும்போதுதான் கீழ் ஓட்டைகளை மூடியிருக்கும் ஷட்டர் திறக்கும். குழந்தை ஆணியையோ ஹேர்பின்னையோ விடாமல் தடுப்பது அந்த ஷட்டர். பேஸையும் நியூட்ரலையும் ஒரே நேரத்தில் தொட்டுவிட்டால் ஆர்.சி.சி.பி.யால்கூடக் காப்பாற்ற முடியாது, ஏனென்றால் கணக்கு அங்கே ஒத்துப்போய்விடும். அந்த இடத்தில் காவல் நிற்பது ஷட்டர் மட்டுமே.

நாம் அதை என்ன செய்கிறோம்? டூ பின் சார்ஜரைச் சொருகுவதற்காக மேல் ஓட்டையில் ஸ்க்ரூ டிரைவரையோ பேனாவையோ விட்டு ஷட்டரை நெம்புகிறோம். நாலு பேர் நெம்பினால் ஷட்டர் ஒடிந்துவிடும். பிறகு எல்லாருக்கும் வசதி. பிளக் இல்லாத ஒயரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்: இரண்டு முனையையும் சீவி, ஓட்டையில் விட்டு, தீக்குச்சியால் ஆப்பு வைக்கிறோம். நம் பக்கத்துத் திருவிழாக்களிலும் கல்யாண மண்டபங்களிலும் இதைப் பார்க்காதவர் இந்த அரங்கில் இருக்க மாட்டார்.

சார்ஜரின் முனை விஷயம் பலருக்குத் தெரியாது. 6 ஆம்பியர் சாக்கெட்டின் ஓட்டை சுமார் 5 மில்லி மீட்டர் முனைக்காகச் செய்தது. பல சார்ஜர்களின் முனை 4 மில்லி மீட்டர்தான். அது ஐரோப்பிய அளவு. உள்ளே போனதும் தொளதொள என்று நிற்கும். போனின் எடை இழுக்கும், பொறி பறக்கும், உள்ளே இருக்கும் பித்தளை கருகும். கருகிய பித்தளையில் தடை கூடும், தடை கூடக் கூடச் சூடு கூடும். ஒரு நாள் பிளாஸ்டிக் உருகி, பேஸ் வெளியே தெரியும். வீட்டில் தினம் இரண்டு தடவை சொருகுகிற பாயிண்ட் தாங்கும். நாளுக்கு நூறு பேர் சொருகிப் பிடுங்குகிற பேருந்து நிலையப் பாயிண்ட் எத்தனை மாதம் தாங்கும்? இதற்கு இரண்டு வழி. ஒன்று, ஐ.எஸ்.ஐ. முத்திரையும் அதன் கீழே உரிம எண்ணும் உள்ள சாக்கெட் வாங்குவது. அந்த எண் உண்மையா என்று பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் யாரும் பார்த்துவிடலாம். இரண்டாவது வழி இன்னும் நல்லது. போனுக்கு வேண்டியது 5 வோல்ட். அதற்கு எதற்கு 230 வோல்ட்டைப் பொதுமக்கள் கைக்கெட்டத் திறந்து வைக்க வேண்டும்? சுவருக்குள்ளேயே மாற்றி, யு.எஸ்.பி. துளையாகக் கொடுத்துவிடலாம். ஈரக் கையோடு தொட்டாலும் 5 வோல்ட் ஆளைக் கொல்லாது. தகவல் திருட்டுப் பயம் உள்ளவர்கள், கரண்ட் மட்டும் போகும் ஒயரை வைத்துக்கொள்ளலாம். பொது இடத்தில் 230 வோல்ட் பாயிண்ட் வேண்டியது கிளீனிங் மெஷினுக்கும் மைக் செட்டுக்கும். அது பூட்டிய பெட்டிக்குள் இருக்கட்டும்.

ஆனி, ஆடியில் கணவாய் வழியாக வருகிற சாரல் கூடலூரையும் கம்பத்தையும் நனைக்கும். காற்றோடு பக்கவாட்டில் அடிக்கிற சாரல் அது. மேலே கூரை இருந்து பயனில்லை. வெளியிடத்துக்கு என்று மூடி போட்ட சாக்கெட் தனியே விற்கிறது, அதில் ஐ.பி. 44, ஐ.பி. 55 என்று எழுதியிருக்கும். கடைசி இலக்கம் தண்ணீரைத் தாங்கும் திறனைச் சொல்வது. டெண்டரில் அந்த எண்ணை எழுதிக் கேட்டால் ஒப்பந்ததாரர் கொண்டுவந்து தருவார். கேட்காவிட்டால் வீட்டுச் சாக்கெட்டைத்தான் மாட்டுவார்.

சட்டம் என்ன சொல்கிறது? 2003 மின்சாரச் சட்டத்தின் 54ஆம் பிரிவு சொல்கிறது: மின்வாரியம் போன்ற உரிமதாரர் தவிர வேறு யாரும், ஏதேனும் தெருவிலோ, 100 பேரோ அதற்கு மேலோ கூடக்கூடிய இடத்திலோ, 250 வாட்டுக்கும் 100 வோல்ட்டுக்கும் மேல் மின்சாரம் பயன்படுத்தப் போகிறார் என்றால், குறைந்தது ஏழு நாளுக்கு முன் மின் ஆய்வாளருக்கும், மாவட்ட நடுவர் அல்லது காவல் ஆணையருக்கும் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். புதுச் சட்டம் என்று நினைக்காதீர்கள். 1910ஆம் ஆண்டுச் சட்டத்தின் 30ஆம் பிரிவிலேயே இது இருந்தது. மத்திய மின்சார ஆணையம் 2010இல் வெளியிட்ட பாதுகாப்பு விதிமுறைகளில் கசிவைத் துண்டிக்கும் கருவி பற்றிய விதி, இந்த 54ஆம் பிரிவுக்குள் வரும் இடங்களைத் தனியே குறிப்பிட்டது. தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையமும் புது இணைப்புகளுக்கு இந்தக் கருவியைக் கட்டாயமாக்கியிருக்கிறது.

நூறு வருஷத்துக்கு மேலாகச் சட்டம் இருக்கிறது. ஊர்த் திருவிழாவுக்கு மைக் செட்காரரை ஏற்பாடு செய்கிற கமிட்டியில் எத்தனை பேருக்கு இது தெரியும்? மூத்தவர்களுக்கு டூரிங் டாக்கீஸ் நினைவிருக்கும். கீற்றுக் கொட்டகைதான், ஆனாலும் மின் ஆய்வாளரின் சான்று இல்லாமல் படம் ஓட்ட உரிமம் கிடைக்காது. கொட்டகைக்காரர் அந்தக் காகிதத்துக்குப் பயந்தார், அதனால் ஒயரிங்கை ஒழுங்காக வைத்திருந்தார். அதைவிடப் பல மடங்கு கூட்டம் கூடுகிற சந்தைக்கும் திருவிழாத் திடலுக்கும் அந்தக் கண்டிப்பு நடைமுறையில் வராமல் போனது நம் நிர்வாகத்தின் பெரிய குறை.

நம் மாவட்டத்தில் வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழாவைவிடப் பெரிய கூட்டம் எங்கே கூடுகிறது? தீச்சட்டி, ஆயிரங்கண் பானை, ஆற்றில் குளித்து ஈரத் துணியோடு வருகிற ஆயிரக்கணக்கானவர்கள். ராட்டினம், ஜூஸ் கடை, பொரிகடலைக் கடை, வளையல் கடை. இப்படிப்பட்ட திருவிழாக்களில் பொதுவாக நடப்பதைச் சொல்கிறேன். ஒரு தற்காலிக இணைப்பு, அல்லது ஒரு ஜெனரேட்டர். அங்கிருந்து ஒரு கடைக்கு ஒயர். அந்தக் கடையிலிருந்து அடுத்த கடைக்கு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். அதிலிருந்து அதற்கடுத்த கடைக்கு முறுக்கி டேப் சுற்றிய ஒயர். எல்லாம் தரையோடு, மிதிபடும் இடத்தில். கோடை மழை ஒரு தூறல் போட்டால் போதும். இதற்குச் செய்ய வேண்டியது பெரிய காரியம் இல்லை. பத்துக் கடைக்கு ஒரு போர்டு, போர்டுக்கு ஒரு ஆர்.சி.சி.பி., ஒயர் தலைக்கு மேலே, நடுவில் முறுக்கு இல்லாமல். இணைப்புக்கு மூடியுள்ள நீல நிற இண்டஸ்ட்ரியல் பிளக். வேலை செய்கிறவர் உரிமம் பெற்ற வயர்மேனாக இருக்க வேண்டும். கடை ஏலத்தில் வருகிற பணத்தில் இது ஒரு சிறு பகுதி.

2022 ஏப்ரல் 27 விடியலில் தஞ்சைக்கு அருகே களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேர் மேல்நிலை மின்கம்பியில் பட்டுச் சிறுவர்கள் உட்பட 11 பேர் இறந்தார்கள். 2017இல் சென்னை கொடுங்கையூரில் மழைநீரில் கிடந்த மின்கம்பியை மிதித்து இரண்டு சிறுமிகள். 2019இல் முகலிவாக்கத்தில் பள்ளிச் சிறுவன் ஒருவன். இவை எதுவும் பிளக் பாயிண்ட்டால் வந்தவை அல்ல, தெரியும். ஆனால் மூன்றிலும் இறந்தவர்கள் செய்தது தெருவில் நின்றதும் நடந்ததும்தான். இந்தியாவில் மின்சாரம் தாக்கி இறப்பவர்கள் அண்மை ஆண்டுகளில் ஆண்டுக்கு 12,000 பேருக்கும் மேல் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் சொல்கின்றன. ஒவ்வொரு முறையும் "கவனக்குறைவு" என்று முடித்துவிடுகிறோம். இறந்தவர் தலையில் பழியைப் போடுகிற அந்த வழக்கத்தை நான் ஏற்கவில்லை.

பக்கத்து நாட்டைப் பாருங்கள். இலங்கையில் 5 ஆம்பியர் உருண்டை, 15 ஆம்பியர் உருண்டை, 13 ஆம்பியர் சதுரம் என்று பிளக்குகள் கலந்து கிடந்தன. அங்குள்ள பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு 13 ஆம்பியர் சதுர முனை ஒன்றையே நாட்டின் தரமாக அறிவித்தது. நம்மைவிடச் சிறிய நாடு, நம்மைவிட நெருக்கடிகள் பட்ட நாடு. முடிவெடுத்தார்கள். நாம் பிளக்கை மாற்ற வேண்டியதில்லை. இருக்கிற தரத்தை எழுதி, வாங்கி, மாட்டி, பார்த்தால் போதும்.

பார்ப்பது என்றேன். ஆர்.சி.சி.பி.யில் "டி" என்று ஒரு பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அதை அழுத்திப் பார்க்க வேண்டும். விழவில்லை என்றால் கருவி செத்துவிட்டது. எர்த்தை ஆண்டுக்கு ஒருமுறை, கோடையில், மண் காய்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். அழுத்திய தேதி, அளந்த தேதி, அளவு, பொறுப்பானவரின் பதவி, தொலைபேசி எண் ஆகியவற்றைப் பெட்டியின் கதவிலேயே பெயிண்ட்டில் எழுத வேண்டும். தண்ணீர்த் தொட்டியில் கழுவிய தேதியை எழுதுகிறோம் அல்லவா? அதை எழுதத் தெரிந்த ஊராட்சிக்கு இதையும் எழுதத் தெரியும்.

கூடலூர், கம்பம், சின்னமனூர், போடி, தேனி, பெரியகுளம் நகராட்சிகளில் இருப்பவர்கள் உங்கள் வார்டு உறுப்பினரிடம் ஒரு மனு கொடுங்கள்: பேருந்து நிலையத்தில் எத்தனை பிளக் பாயிண்ட், எதற்கெல்லாம் 30 மில்லி ஆம்பியர் கருவி இருக்கிறது, எர்த்தை எப்போது அளந்தீர்கள். கிராமத்தில் இருப்பவர்கள் வரும் அக்டோபர் 2 கிராம சபையில் இதை ஒரு தீர்மானமாக வையுங்கள். திருவிழாக் கமிட்டியில் இருப்பவர்கள் ஏழு நாளுக்கு முன் மின் ஆய்வாளருக்குக் கடிதம் எழுதுங்கள். ஒரு நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒடிந்த சாக்கெட்டையோ வெளியே தெரியும் ஒயரையோ பொது இடத்தில் கண்டால் அந்த இடத்து நிர்வாகத்திடம் சொல்லுங்கள். மின்கம்பமோ மின்வாரியப் பெட்டியோ என்றால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணுக்கு அழையுங்கள். யாராவது கரண்ட்டில் மாட்டிக்கொண்டால் முதலில் மெயினை நிறுத்துங்கள், அதற்கு முன் அவரைத் தொடாதீர்கள், 108ஐ அழையுங்கள். இந்த அரங்கின் பின்சுவரில் இரண்டு பிளக் பாயிண்ட் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் நிர்வாகிகளோடு சேர்ந்து மெயின் பெட்டியைத் திறந்து பார்க்கலாம் என்றிருக்கிறேன்; மாணவர்கள் என்னோடு வாருங்கள்.